பஸ்ஸில் போனவளும் விடுதியில் தங்கியவனும்

என் அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் 2022-இல் கல்லூரிக்குப் போனாள், இளையவன் அடுத்த வருஷம் போனான். இருவரும் படித்தது ஒரே அரசு மேல்நிலைப் பள்ளி. இருவருக்கும் தமிழ்வழி. சாப்பிட்டது ஒரே அடுப்பில் வெந்த சோறு. ஊர் செக்கானூரணியிலிருந்து உள்ளே தள்ளி, மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவில். மகள் தினமும் பஸ் ஏறி மதுரைக்குப் போய்ப் படித்தாள். மகனை விடுதியில் தங்கிப் படிக்கிற கல்லூரியில் சேர்த்தார்கள். அந்தக் கல்லூரிகளின் பெயர் இங்கே வேண்டாம்.

முதலாண்டில் பிள்ளைகள் எப்படிப் பொருந்திப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தால், விடுதிப் பிள்ளையையும் பஸ் பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இவன் கெட்டிக்காரன், அவள் கூச்சக்காரி என்று சுலபமாக முடித்துவிடுகிறோம். இருவரும் வேறு வேறு வீட்டிலிருந்து, வேறு வேறு வசதியோடு வந்தவர்கள் என்பது மறந்துபோகிறது. இங்கே வீடு ஒன்று, பள்ளி ஒன்று, பெற்றவர்களும் அவர்களே. வித்தியாசம் இரண்டுதான். ஒருத்தி பெண், ஒருவன் ஆண். ஒருத்தி ராத்திரி வீடு திரும்பினாள், ஒருவன் திரும்பவில்லை. இவை தனித்தனியான இரண்டு வித்தியாசங்கள் அல்ல என்பது போகப் போகத்தான் எனக்கு விளங்கியது.

மதுரையில் இந்த இரண்டு வழிகளுமே நன்றாக வேரூன்றியவை. தங்கிப் படிப்பதையே கல்வியாக எடுத்துக்கொண்ட கல்லூரி என்றால் திருவேடகம் விவேகானந்த கல்லூரியைச் சொல்ல வேண்டும். திருப்பராய்த்துறையில் 1942-இல் ராமகிருஷ்ண தபோவனத்தை நிறுவிய சுவாமி சித்பவானந்தர் 1971-இல் தொடங்கியது. சோழவந்தானுக்குப் பக்கத்தில், நெல்லும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும் சூழ்ந்த வைகைக் கரையில் இருக்கிறது. சம்பந்தர் மதுரையில் வாது செய்து ஆற்றில் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்துப் போய் ஒதுங்கிய இடம் என்பதால் ஊருக்கு ஏடகம் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அங்கே குருகுல முறை. மாணவன் விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். விடியலில் எழுவது, பிரார்த்தனை, உடற்பயிற்சி, தன் வேலையைத் தானே செய்துகொள்வது எல்லாமே படிப்பில் சேர்த்தி. வகுப்பறை அந்த நாளின் ஒரு பகுதி, அவ்வளவே.

அதே ஆறு கிழக்கே இறங்கி மதுரைக்குள் நுழைகிறது. ஆற்றின் மேலுள்ள ஏ.வி. பாலத்துக்கு வடக்கே கோரிப்பாளையத்தில் ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. 1965-இல் தொடங்கியது. மதுரையில் பெண்களுக்கென்று முதலில் வந்தது 1948-இல் லேடி டோக் கல்லூரி, பிறகு 1953-இல் பாத்திமா கல்லூரி. அரசே ஒரு மகளிர் கல்லூரியைத் திறந்த பிறகுதான், பெரிய கட்டணம் கட்ட வழியில்லாத வீட்டுப் பெண்ணுக்கும் பட்டப்படிப்பு என்பது எட்டுகிற தூரத்துக்கு வந்தது. எட்டுகிற தூரம் என்றால் பஸ் போகிற தூரம். மேலூர், வாடிப்பட்டி, அலங்காநல்லூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று நாலா பக்கத்திலிருந்தும் காலையில் வருகிற டவுன் பஸ்களில் கல்லூரிப் பெண்கள் நிறைந்திருப்பார்கள். சாயங்காலம் கோரிப்பாளையம் நிறுத்தத்தில் நின்று பார்த்தால் தெரியும். அரை மணி நேரத்தில் அத்தனை பேரும் கரைந்துபோவார்கள்.

தங்கவைப்பது ஒரு முறை, வரவழைத்து அனுப்புவது ஒரு முறை. என் அண்ணன் பிள்ளைகள் போன கல்லூரிகள் இந்த இரண்டில் ஆளுக்கு ஒரு வகை.

பையனிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வீட்டிலும் அவனைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட்டார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளி, மக், பாய், தலையணை, பருப்புப்பொடி டப்பா, எலுமிச்சை ஊறுகாய். வாளியின் அடியில் அவன் அம்மா அக்காவுடைய நகப்பாலிஷை எடுத்துப் பெயரின் முதல் எழுத்தை எழுதி அனுப்பினாள். முதல் வாரம் முழுக்க எனக்கு போன் வந்தது. “அத்தை, அப்பாட்ட சொல்லி என்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. நான் பஸ்லயே போயிட்டு வந்துர்றேன்.” பதினேழு வயது வரை தன் தட்டைத் தான் கழுவியதில்லை. சட்டையைத் துவைத்ததில்லை. பக்கத்துப் பாயில் படுத்திருப்பவன் ராமநாதபுரம் பக்கம், எதிரே இருப்பவன் போடி பக்கம். ஒருவன் பேசுவது இன்னொருவனுக்குச் சிரிப்பாக இருக்கும். விளக்கணைத்த பிறகு யாரோ ஒருவன் மூக்கை உறிஞ்சுவது கேட்கும் என்றும், யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்றும் சொன்னான்.

மூன்றாவது வாரம் போன் குறைந்தது. ஐந்தாவது வாரம் வீட்டுக்குப் பேசும்போது, “எங்க ரூமுக்குப் போயிட்டுக் கூப்பிடுறேன்மா” என்றிருக்கிறான். ‘எங்க ரூம்’ என்கிற சொல்லைக் கேட்டு அவன் அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அழுகை நின்றதில் நிம்மதி, அவன் வேறு ஓர் இடத்தை எங்களது என்று சொன்னதில் ஏதோ ஒரு வலி.

விடுதியில் புதிதாகச் சேர்கிற பிள்ளையை நினைத்துப் பயப்படும் காலம் ஒன்று இருந்தது. 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவன் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாடு ராகிங்கைத் தடுக்கத் தனிச் சட்டமே போட்டது. இப்போது சேர்க்கையின்போதே மாணவனும் பெற்றோரும் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். எங்கள் பையனுக்கு சீனியர்கள் உதவியாகத்தான் இருந்தார்கள். பழைய வினாத்தாள் கட்டு, எந்தப் பாடத்தில் எந்த அலகை விடக்கூடாது என்ற ரகசியம், இன்டர்னல் மதிப்பெண்ணை எப்படிக் காப்பாற்றுவது என்பதெல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் மெஸ் வாசலில் கிடைத்த அறிவு. வகுப்பில் எந்த ஆசிரியரும் அதைச் சொல்லித்தருவதில்லை.

இப்போது மகள். அவள் அழவில்லை. எனக்கு போன் செய்யவில்லை. “பழகிருச்சா?” என்று அவளை யாரும் கேட்கவும் இல்லை. தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிற பிள்ளைக்குப் பழகுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன், அதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அக்டோபரில் ஒரு நாள் பேச்சுவாக்கில் நூலகத்தில் என்ன புத்தகம் எடுத்தாய் என்று கேட்டேன். “இன்னும் கார்டே வாங்கலத்தை” என்றாள். கல்லூரி திறந்து எத்தனையோ வாரம் ஓடிவிட்டது. ஏன் என்று கேட்டால் பதில் எளிது. கார்டு கொடுக்கிற நேரம் வகுப்பு முடிந்த பிறகு. வகுப்பு முடிந்து பத்து நிமிஷத்துக்குள் நிறுத்தத்தில் நின்றால்தான் பெரியார் நிலையத்தில் செக்கானூரணி பஸ்ஸைப் பிடிக்கலாம். அதை விட்டால் ஊருக்குள் போகிற பஸ்ஸும் போய்விடும். பிறகு இருட்டில் நடை.

அவள் நாளைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். விடியற்காலை நாலரைக்கு எழுந்து தோட்டத்துக்குப் போவாள். மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே பறிக்க வேண்டும், விரிந்துவிட்டால் விலை இல்லை. இடுப்பில் கட்டிய துணிமடியில் மொட்டு நிறைய நிறையப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகும். பனிக்காலத்தில் பூ குறைவு, அப்போது விலை ஏறும். வெயில் ஏற ஏறப் பூ கொட்டும், ஆள் போதாது. இரண்டாம் பருவத் தேர்வு வருகிற சித்திரை மாதத்தில்தான் செடியும் பூத்துக் குலுங்கும். ஆறு மணிக்கு மேல் வீட்டுக்கு ஓடி வந்து குளித்து, சாப்பாட்டை டப்பாவில் அடைத்து, ஏழு மணிச் சொச்சத்துக்கு ஊர் பஸ். செக்கானூரணியில் இறங்கி டவுன் பஸ். நாகமலை புதுக்கோட்டைக்கு முன்னால் பல்கலைநகர் வரும். 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் முதல் துணைவேந்தராக இருந்து, பின்னால் காமராசர் பெயர் பெற்ற பல்கலைக்கழகம். அதன் வாசலைத் தினம் இரண்டு முறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அங்கிருந்து காளவாசல், பெரியார், அங்கே பஸ் மாறிக் கல்லூரி.

போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள், வருஷத்துக்கு 180. நாளுக்கு 3 மணி நேரம் வீதம் 540 மணி நேரம் பஸ்ஸில் போகிறது. கல்லூரியில் ஒரு நாளுக்கு ஐந்து மணி நேர வகுப்பு. 90 நாளுக்கு 450 மணி நேரம். ஒரு பருவம் முழுக்க அவள் வகுப்பில் உட்கார்ந்திருந்த நேரத்தைவிட அந்த முதலாண்டில் பஸ்ஸில் இருந்த நேரம் அதிகம். இந்தக் கணக்கை நான் ஒரு தாளில் போட்டுப் பார்த்தபோது அண்ணன் நம்பவில்லை. திரும்பப் போடச் சொன்னார். அதே எண்தான் வந்தது.

ஆனால் அந்த 540 மணி நேரத்தைச் சும்மா போனது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். பஸ்ஸில் அவளுக்கு ஒரு கூட்டம் அமைந்தது. ‘பஸ் செட்’ என்பார்கள். கருமாத்தூரில் ஏறுகிறவள், செக்கானூரணியில் ஏறுகிறவர்கள், நாகமலையில் ஏறி நின்றுகொண்டே வருகிறவள் என்று ஐந்தாறு பேர், மூன்று வேறு கல்லூரிகள். முதலில் ஏறியவள் பையைப் பக்கத்து சீட்டில் வைத்து இடம் பிடிப்பாள். உட்கார்ந்தவள் மடியில் நிற்பவர்களின் பைகள் எல்லாம் வந்து ஏறும். அலைடு கணக்கில் அவளுக்கு வராத ஒரு பகுதியை வேறு கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கிற பெண், ஆடுகிற பஸ்ஸில், டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். தம்பிக்கு மெஸ் வாசலில் கிடைத்ததுபோல இவளுக்கு விராட்டிபத்துக்கும் காளவாசலுக்கும் நடுவில் கிடைத்தது. இந்தக் கூட்டம் எந்தக் கல்லூரியின் பதிவேட்டிலும் இல்லை. எந்த ஆசிரியருக்கும் இது தெரியாது.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. மாணவிக்கு முன்பே பாஸ் இருந்ததே, இதில் என்ன புதிது என்று கேட்கலாம். பாஸில் வீட்டுக்கும் கல்லூரிக்கும் நடுவிலுள்ள வழித்தடம் எழுதியிருக்கும். அந்தத் தடத்தை விட்டு இறங்க முடியாது. கட்டணமே இல்லாத பஸ்ஸில் எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம், வேறு தடத்தில் ஏறலாம். 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தபோது, 2 லட்சம் சதுர அடிக்கு மேல் விரிந்த அந்தக் கட்டடத்துக்குள் அந்த பஸ் கூட்டம் முழுவதும் ஒரு சனிக்கிழமை போய் வந்தது. கையில் காசில்லாமல் போய் வந்தது என்பதுதான் செய்தி. அப்போது இவள் இரண்டாமாண்டு. முதலாண்டில் கல்லூரி நூலகக் கார்டே வாங்க முடியாமல் இருந்தவள் இவள்தான்.

அமெரிக்காவில் இந்த விஷயத்தை ஆராய்ந்தவர்கள் உண்டு. ஆர்தர் சிக்கரிங் 1974-இல் தங்கிப் படிப்போரையும் வந்து போவோரையும் ஒப்பிட்டு ஒரு புத்தகம் எழுதினார். வந்து போகிறவர்கள் குறைந்த வசதியோடு தொடங்கி, வருஷம் போகப் போக இன்னும் பின்தங்குகிறார்கள் என்பது அவர் கண்டது. வின்சென்ட் டின்டோ 1975-இல் ஒரு கட்டுரையும் 1987-இல் ஒரு நூலும் எழுதினார். மாணவர்கள் ஏன் பாதியில் நிற்கிறார்கள் என்பதற்கு அவர் சொன்ன விளக்கம் உலகம் முழுக்கப் பரவியது. பிரெஞ்சு மானுடவியலாளர் வான் கென்னெப் 1909-இல் சடங்குகளைப் பற்றிச் சொன்ன மூன்று படிகளை டின்டோ கல்லூரிக்குப் பொருத்தினார். முதலில் பழைய இடத்திலிருந்து பிரிதல், பிறகு நடுவில் தத்தளித்தல், கடைசியில் புதிய இடத்தில் சேர்தல்.

எங்கள் பையனுக்கு இது சட்டை தைத்தமாதிரி பொருந்துகிறது. பிரிந்தான், மூன்று வாரம் தத்தளித்தான், ‘எங்க ரூம்’ என்றான். மகளுக்குப் பொருந்தவே இல்லை. அவள் எங்கே பிரிந்தாள்?

வில்லியம் டியர்னி என்பவர் 1992-இல் டின்டோவை மறுத்தார். அமெரிக்கப் பூர்வகுடி மாணவர்களை முன்வைத்து அவர் கேட்ட கேள்வி நம் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும். சடங்கு என்பது ஒரு சமூகத்துக்குள்ளேயே ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போவது. தன் சமூகத்தை விட்டு இன்னொன்றுக்குள் போவதற்கு அந்தப் பெயரை எப்படி வைக்கலாம்? நம் வீட்டுப் பூப்புனிதச் சடங்கை நினைத்துப் பாருங்கள். தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சு கட்டுவார். பெண்ணைத் தனியே உட்கார வைப்பார்கள். நாள் கழிந்து தண்ணீர் ஊற்றிப் புதுச்சேலை உடுத்தி அதே வீட்டுக்குள், அதே மனிதர்களிடம், கொஞ்சம் பெரியவளாகத் திருப்பி அழைத்துக்கொள்வார்கள். குச்சைப் பிரித்து எரித்துவிடுவார்கள். பிரிவுக்கு ஒரு முடிவு உண்டு, காத்திருக்கிற ஒரு வீடும் உண்டு. கல்லூரிக்குப் போகிற பெண்ணை யாரும் அப்படித் தனியே உட்கார வைப்பதும் இல்லை, மாறியவளாக ஏற்று உள்ளே அழைப்பதும் இல்லை. காலையில் போகிறாள், சாயங்காலம் வருகிறாள், பாத்திரம் கிடக்கிறது.

அவள் இதை என்னிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். “காலேஜ்ல ஒரு ஆளு, வீட்ல ஒரு ஆளு அத்தை. செக்கானூரணில எறங்கும்போது மாத்திக்கிருவேன்.” என்ன மாற்றிக்கொள்வாய் என்று கேட்டேன். பேச்சை, நடையை, துப்பட்டா போடுகிற விதத்தை, போனை வைக்கிற இடத்தை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தம்பி ஒரு முறை கடந்த வாசலை அவள் தினம் இரண்டு முறை கடந்தாள். இதை நாம் ‘பழகிவிட்டாள்’ என்று சொல்கிறோம்.

இங்கிலீஷ் விஷயத்திலும் இந்தக் கணக்கே. இருவரும் தமிழ்வழியிலிருந்து ஆங்கிலவழி மேஜருக்குப் போனவர்கள். முதல் மாதம் பாடம் நடத்துவதைக் கேட்டால் பாதி புரியும், எழுதச் சொன்னால் கை ஓடாது. பகுதி ஒன்று தமிழ் என்பது மட்டும் மூச்சுவிட இடம் கொடுக்கும். தமிழ் வகுப்பில் பதில் சொல்கிற பிள்ளையே மேஜர் வகுப்பில் தலையைக் குனிந்துகொள்ளும், இதை எந்தக் கல்லூரி ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். பையனுக்கு இங்கிலீஷ் வந்தது வகுப்பில் அல்ல. அறையில் ஒருவன் ஆங்கிலவழிப் பள்ளியிலிருந்து வந்தவன். அவனோடு கிரிக்கெட் வர்ணனை கேட்டுக் கேட்டு, தப்புத் தப்பாகப் பேசிப் பேசி, கூச்சம் விட்டுப் போனது. கூச்சம் விட ராத்திரி நேரம் வேண்டும், கேலி செய்தாலும் விட்டுப்போகாத நண்பன் வேண்டும். மகளுக்கு அந்த நேரம் எப்போது இருந்தது? ராத்திரி ஒன்பதுக்குப் படிக்க உட்கார்ந்தால் பத்துக்குத் தூக்கம். நாலரைக்குத் திரும்பப் பூ.

இதுவரை எழுதியதைப் பார்த்தால் விடுதியே மேல் என்று நான் சொல்வதுபோல இருக்கும். அப்படி இல்லை. முதலாண்டு முடிகிற நேரத்தில் பையனுக்கு மதுரை தெரியாது. மாட்டுத்தாவணியிலிருந்து ஆரப்பாளையம் போக எந்த பஸ் என்று அக்காவைக் கேட்பான். மகள் அதே காலத்துக்குள் வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம், கையெழுத்துக்குத் தாலுகா ஆபீஸ், உதவித்தொகைக்கு வங்கி என்று தனியாகவே ஏறி இறங்கிவிட்டாள். ஆதார் எண்ணோடு கணக்கு இணையாமல் பணம் நின்றபோது வங்கிக் கவுன்டரில் நின்று கேட்டு வாங்கியவள் அவள்தான். அண்ணன் கூடப் போகவில்லை. புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கியது, அவளுடைய முதல் பருவத்திலேயே. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரிலுள்ள கணக்கில். முதல் தடவை எடுத்த பணத்தில் கால்குலேட்டர் வாங்கினாள், அம்மாவிடம் 500 கொடுத்தாள். பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தபோது தம்பி இரண்டாமாண்டுக்குப் போயிருந்தான். படிவம் நிரப்ப அக்காதான் சொல்லிக்கொடுத்தாள்.

விடுதி கொடுக்கிற ஒழுங்கு மணி அடித்துக் கொடுக்கிற ஒழுங்கு. அதன் நல்லதை நான் குறைத்துச் சொல்லவில்லை. தட்டைக் கழுவக் கற்றுக்கொண்டு வந்த ஆண்பிள்ளை எங்கள் குடும்பத்தில் அவன்தான் முதல். ஆனால் முதல் லீவுக்கு வந்தபோது அவன் வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் திண்ணையிலேயே இருந்தான். அப்பா பேசுகிற பேச்சு அவனுக்குச் சத்தமாகத் தெரிந்தது. பொருந்துவது என்பதில் இந்தப் பக்கமும் உண்டு. புது இடத்தில் ஆள் ஒட்டுகிறபோது பழைய இடத்தில் கொஞ்சம் பிய்கிறது. அக்கா ஒரு நாளும் வீட்டில் பிய்ந்துபோகவில்லை. ஒட்டியும் இருந்தாள், தன்னை இரண்டாக மடித்துக்கொண்டும் இருந்தாள்.

யாரை எங்கே சேர்ப்பது என்று எப்படி முடிவானது? நான் அந்தப் பேச்சில் கூட இருந்தேன். மகளுக்கு விடுதி என்ற பேச்சு வந்தபோது, “பொம்பளப் பிள்ளைய எங்கிட்டுக் கொண்டுபோய் விட?” என்றார் அண்ணன். அரசு விடுதிகள் இருக்கின்றன, காசு கட்ட வேண்டாம் என்றேன். “காசுக்கு இல்ல” என்றார். அடுத்த வருஷம் மகனுக்கு விடுதிக் கட்டணம் கட்டினார். ஊரில் இருந்தால் பையன் கெட்டுப்போவான் என்பது காரணம். பெண் வெளியே தங்கினால் கெட்டுப்போவாள், ஆண் வீட்டில் தங்கினால் கெட்டுப்போவான். இரண்டையும் ஒரே வாயால், முழு அன்போடு சொன்னார். அதோடு மகள் இல்லாவிட்டால் விடியலில் பூ எடுக்க ஓர் ஆள் குறையும். அதை யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

ஆகவே பஸ்ஸா விடுதியா என்பது பிள்ளையின் இயல்பைப் பார்த்து எடுத்த முடிவு இல்லை. ஊரூராக இப்படித்தான் நடக்கிறது. அதனால் வந்து போகிற பிள்ளைகளில் பலர் வீட்டு வேலையில் பாதியைச் சுமக்கிற பெண்பிள்ளைகள் என்பதைக் கல்லூரி மனதில் வைத்துத்தான் நேர அட்டவணை போட வேண்டும். இங்கே எனக்குக் கோபம் உண்டு. முதலாண்டுக்காரர்களைப் பழக்குவதற்கென்று செய்கிற அத்தனையும் வகுப்பு முடிந்த பிறகு வைக்கப்படுகின்றன. நூலகக் கார்டு, மன்றக் கூட்டம், நாட்டு நலப்பணித் திட்டம், திறன் பயிற்சி, போட்டித் தேர்வு வகுப்பு எல்லாமே மூன்றரைக்கு மேல். அந்த நேரம் யாருக்குச் சொந்தமோ அவர்களுக்குத்தான் கல்லூரி சொந்தமாகிறது. ஒரு கல்லூரியில் முதல் மணிக்குப் பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் வெளியே நிற்க வைத்து, வருகைப் பதிவையும் போடாமல் விட்டார்கள். எப்படியும் வெளியேதான் நிற்க வேண்டும் என்பதால், பஸ் தவறிய நாளில் தொலைவிலிருந்து வருகிற பெண்கள் கல்லூரிக்கே வராமல் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஒரு மணி நேர வகுப்பைக் காப்பாற்றப் போட்ட விதி ஒரு நாள் படிப்பையே தின்றது.

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. வாரத்தில் இரண்டு மணி நேரத்தை அட்டவணைக்குள்ளேயே நூலகத்துக்கு ஒதுக்கலாம். அலுவலகக் கவுன்டரை மதிய இடைவேளையில் திறந்து வைக்கலாம். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர், எந்த பஸ்ஸில், எத்தனை மணிக்குக் கிளம்பி வருகிறார்கள் என்று சேர்க்கை நாளிலேயே ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். அந்த நோட்டு இருந்தால் ஒரே பஸ்ஸில் வருகிற மூன்றாமாண்டுப் பெண்ணையும் முதலாண்டுப் பெண்ணையும் முதல் வாரமே சேர்த்து வைக்கலாம். ‘பஸ் செட்’ செய்கிற வேலையில் பாதியையாவது கல்லூரி செய்யலாம். விடுதிக் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு நாளாவது முதலாண்டுப் பையனைத் தாலுகா ஆபீசுக்கும் வங்கிக்கும் தனியே அனுப்புங்கள், வரிசையில் நிற்கட்டும்.

மகள் முதலாண்டை அரியர் இல்லாமல் முடித்தாள். மகனுக்கு ஒரு பாடத்தில் அரியர் விழுந்தது, அடுத்த பருவத்தில் எழுதித் தேறினான். இதை வைத்து எது மேல் என்று யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்பதற்காகத்தான் கடைசியில் சொல்கிறேன்.

பையனின் முதலாண்டு முடிகிற சமயம், சித்திரைத் திருவிழாவுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க நானும் ஊருக்குப் போயிருந்தேன். முதல் நாள் விடியற்காலை நாலரைக்கு, மணியடிக்காமலே அவனுக்கு விழிப்பு வந்துவிட்டது. முற்றத்தில் வந்து நின்றான். அக்கா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, டார்ச்சும் கையுமாகத் தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் பதினேழு வருஷம் இருந்தவனை அந்த நேரத்தில் யாரும் எழுப்பியதே இல்லை.

“தினமுமா போற?”

“பூ தினமுந்தான பூக்குது” என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். அவன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனான். ஆறேகால் மணிக்கு இருவரும் திரும்பினார்கள். அவன் மடியில் இருந்தது கால் கிலோ தேறாது, பாதி மொட்டு காம்பில்லாமல் கிள்ளியது. மரத்துப்போன விரல்களை உதறிக்கொண்டே, எத்தனை மணிக்கு பஸ் என்று அக்காவைக் கேட்டான்.